முட்டை ஓடு மெலியுதா, பருப்பு வேகலையா: கோழி வளர்க்கிற வீட்டுல அறிகுறி பாத்து சரி பண்றது எப்படி

எங்க வீடு குடியாத்தத்துல இருந்து கே.வி.குப்பம் போற பக்கம், கொல்லையிலயே வீடு. 30 நாட்டுக்கோழி, ரெண்டு கறவை மாடு, கொஞ்சம் கத்திரிக்கா செடி. அடுப்படி ஜன்னலத் தொறந்தா பத்தடி தள்ளி கோழிக் கொட்டாய். கோழி போடுற முட்டை அடுப்படிக்கு வருது, அடுப்படியில மிஞ்சுறது கோழிக்குப் போவுது, ரெண்டுக்கும் ஒரே தண்ணி. அதனால சமையல்ல ஏதாவது சரியில்லன்னா நான் மொதல்ல கொட்டாய்க்குப் போயி பாக்குறேன், கோழி சரியில்லன்னா திரும்பி வந்து அடுப்படியப் பாக்குறேன். இதத் தெரிஞ்சுக்க எனக்கு ஒரு முழு கோடைக்காலம் போச்சு, அதையே மொதல்ல சொல்லிடுறேன்.

முட்டை ஓடு மெலிசா இருக்கு, இல்லன்னா தோல்முட்டையா வருது

கையில எடுக்கும்போதே விரல் பதியும், உள்ள மஞ்சக்கரு ஆடுறது தெரியும். புதுசா முட்டைக்கு வந்த வெடக்கோழி மொத நாலஞ்சு முட்டைய இப்படிப் போடலாம், வயசான கோழியும் போடும், அதுக்கெல்லாம் பயப்பட வேணாம். கூட்டத்துல பாதி கோழி இப்படிப் போட்டாதான் காரணம் தேடணும்.

மொதல்ல வெயில் பாருங்க. வேலூர் பக்கம் கத்திரியில 40 டிகிரிக்கு மேல போவுது, கோழிக்கு வேர்க்காது, வாயத் தொறந்து மூச்சு வாங்கித்தான் உடம்பு சூட்ட வெளிய விடும். அப்படி விடாம மூச்சு வாங்கும்போது ரத்தத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல வெளிய போயிடுது, ஓடு கட்டுறதுக்கு வேண்டிய கார்பனேட்டு அதுல இருந்துதான் வரணும், அது பத்தாம ஓடு மெலியுது. தீவனமும் அந்த நேரத்துல கம்மியா தான் எடுக்கும். இதுக்கு மருந்து நிழலும் தண்ணியும் தான். ஷீட் கூரை மேல தென்னங்கீத்து போட்டு மத்தியானம் தண்ணி தெளிங்க, வெயில் வர்ற பக்கம் ஈரச் சாக்கு கட்டுங்க, பிளாஸ்டிக் டப்பாவுல இருக்குற தண்ணி 12 மணிக்கு டீ மாதிரி ஆயிடும், மண் சட்டியில வைங்க, ரெண்டு வேளை மாத்துங்க. தீவனத்த விடியக்காலையிலயும் சாயங்காலம் வெயில் இறங்கினப்புறமும் போடுங்க, உச்சி வெயில்ல போட்டு பிரயோஜனம் இல்ல.

அடுத்தது சுண்ணாம்புச் சத்து. ஒரு முட்டை ஓட்டுக்கு சுமாரா 2 கிராம் கால்சியம் வேணும், ஓடு கட்டி முடிய 20 மணி நேரம் ஆவும், அதுல பெரும்பகுதி ராத்திரியில நடக்குது. அதனால கிளிஞ்சல் உடைச்சது இல்ல சுண்ணாம்புக்கல் குருணைய சாயங்காலம் தனிச் சட்டியில வைங்க, வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கும், தீவனத்துல கலந்து திணிக்க வேணாம். வீட்டு முட்டை ஓட்டையும் போடலாம், நான் தகரத்துல ரெண்டு நாள் காய வச்சு உரல்ல நல்லா இடிச்சு போடுறேன். ஓடுன்னு அடையாளம் தெரியாத அளவுக்கு இடிக்கணும், இல்லன்னா கோழி தன் முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிடும், அந்தப் பழக்கம் ஒட்டிக்கிச்சுன்னா விடுறது ரொம்ப கஷ்டம்.

இது ரெண்டும் போன வருசம் நான் ஒழுங்கா தான் பண்ணேன். கீத்து போட்டாச்சு, கிளிஞ்சல் வச்சாச்சு, ஆனாலும் பத்து முட்டையில நாலு விரல் பட்டாலே நசுங்குது. எதுத்த வீட்டு அக்கா கால்சியம் டானிக் வாங்கி ஊத்தச் சொன்னாங்க, அதுவும் பாத்தேன். இதே சமயத்துல அடுப்படியில வேற ஒரு பிரச்சினை ஓடினு இருந்துச்சு, ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.

பருப்பு வேகல

குக்கர்ல எட்டு விசில் விட்டும் துவரம்பருப்பு முழிச்சுக்கிட்டு நிக்குது. கரண்டியில மசிச்சா தோலும் மணலுமா இருக்கு, தண்ணி தனியா பருப்பு தனியா நிக்குது. கடைக்காரர் பழைய பருப்பு போட்டுட்டார்னு ரெண்டு கடை மாத்தினேன். பருப்பு பழசானா வேகாதுங்குறது உண்மைதான், அத சுலபமா கண்டுபுடிக்கலாம்: ஒரு கைப்பிடி பருப்ப கேன் தண்ணியில வேக வைங்க, இன்னொரு கைப்பிடிய வீட்டுத் தண்ணியில வேக வைங்க. ரெண்டும் வேகலன்னா பருப்பு பழசு. கேன் தண்ணியில வெந்து வீட்டுத் தண்ணியில வேகலன்னா தண்ணி தான் காரணம். எனக்கு கேன் தண்ணியில நாலு விசில்ல பூவா மலர்ந்துடுச்சு.

போர் தண்ணி கோடையில கீழ இறங்க இறங்க உப்பும் சுண்ணாம்பும் ஏறிடுது, பாலாறு ஓரம் இருக்குறவங்களுக்கு இது நல்லா தெரியும். தண்ணியில இருக்குற கால்சியமும் மக்னீசியமும் பருப்போட தோலுல, செல்லுக்கு நடுவுல பசை மாதிரி இருக்குற பெக்டினப் புடிச்சு இறுக்கிடும், அதுக்கப்புறம் எவ்வளவு வேக வச்சாலும் குழையாது. குண்டான் உள்பக்கம் தண்ணி நின்ன மட்டத்துல வெள்ளையா ஒரு கோடு விழும் பாருங்க, நகத்தால சுரண்டினா மாவு மாதிரி வரும், அதே சுண்ணாம்பு தான். புளித்தண்ணி ஊத்தி அரை மணி நேரம் வச்சுத் தேய்ச்சா போயிடும்.

சமையலுக்கு வழி என்னன்னா, பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் மட்டுமாவது காவிரி கூட்டுக் குடிநீர் வர்ற நாள்ல புடிச்ச தண்ணியோ மழைத்தண்ணியோ வைங்க, ஊற வைக்கிறதும் அதே தண்ணியில தான். புளி, தக்காளி எல்லாம் பருப்பு வெந்தப்புறம் போடுங்க, புளிப்பு சேந்தா வேகுறது நின்னுடும். வேற தண்ணியே இல்லன்னா போர் தண்ணிய கொதிக்க வச்சு ஆற வச்சு தெளிவ மட்டும் எடுங்க, ஓரளவு சுண்ணாம்பு அடியில தங்கிடும். ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போடலாம், கூட போட்டா வாசனையும் கெடும் பி1 வைட்டமினும் போயிடும்.

இத சரி பண்ணி நல்ல தண்ணிய தனிக் குடத்துல வச்சு சமைச்சினு இருந்தேன். ஒரு நாள் எங்க அத்தை கொட்டாய்ல மண் சட்டியக் கழுவினு இருந்தவங்க கேட்டாங்க, "ஏம்மா, கோழி குடிக்கிற தண்ணிய நீ வாயில ஊத்திப் பாத்தியா?" பாத்தேன். நாக்குல உப்பு நின்னுச்சு.

சுண்ணாம்புத் தண்ணி தானே, ஓட்டுக்கு நல்லது தானேன்னு நான் நெனச்சுட்டேன், தப்பு அங்க தான். பருப்ப இறுக்குறது சுண்ணாம்பு, முட்டை ஓட்ட மெலிய வைக்கிறது உப்பு, எங்க போர்ல ரெண்டும் சேந்து இருந்துச்சு. உப்புத் தண்ணி குடிக்கிற கோழிக்கு எவ்வளவு கிளிஞ்சல் போட்டாலும் ஓடு கெட்டியாவறது கஷ்டம். அதுவும் கோடையில ரெண்டு மடங்கு தண்ணி குடிக்கும்போது ரெண்டு மடங்கு உப்பும் உள்ள போவுது. இதுல நான் மிஞ்சின கருவாட்டுக் குழம்பு சோறு வேற போட்டுனு இருந்தேன். எச்சம் தண்ணியா போறதும் இதனால தான், வெயில்னு நெனச்சு விட்டுட்டேன்.

மீட்டர் வச்சுப் பாத்தா டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்குற மொத்த உப்பு, 2000-த்த ஒட்டி காட்டுச்சு. குடிநீருக்கு இந்திய தரக்கட்டுப்பாடு சொல்றது லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற தண்ணியே இல்லாத எடத்துல 2000 வரைக்கும். உங்க தண்ணிய குடிநீர் வடிகால் வாரியத்தோட லேப்ல குடுத்தா கடினத்தன்மை, குளோரைடு எல்லாம் தனித்தனியா சொல்லுவாங்க, அது நல்லது, மீட்டர் மொத்தக் கணக்கு மட்டும் தான் காட்டும்.

கோழிக்கும் நல்ல தண்ணி மாத்தினேன், உப்புப் போட்ட சோறு நிறுத்தினேன். உடனே சரியாவல, வெடக்கோழிங்க தான் சீக்கிரம் தேறிச்சு, வயசான கோழி மூணு கடைசி வரைக்கும் மெலிசு முட்டை தான் போட்டுச்சு. ஒரு முக்கியமான விசயம், ஆர்ஓ மெஷின்ல வெளிய வர்ற கழிவுத் தண்ணிய வீணாவுதேன்னு கோழிக்கு ஊத்தாதீங்க, அதுல உப்பு போர் தண்ணிய விட கூடுதல்.

அவிச்ச முட்டை உரிக்கும்போது வெள்ளைக்கரு பிச்சுக்கிட்டு வருது

முட்டை ரொம்ப புதுசு, அவ்வளவு தான். போட்ட அன்னைக்கே அவிச்சா இப்படித்தான் வரும், நாளாக நாளாக முட்டையில இருக்குற கார்பன் டை ஆக்சைடு ஓட்டு ஓட்டை வழியா வெளிய போயி வெள்ளைக்கருவோட காரத்தன்மை ஏறும், அப்போ உள் தோல் விட்டுக்குடுக்கும். அவிக்கிறதுக்கு அஞ்சாறு நாள் பழைய முட்டைய எடுங்க, புதுசு ஆம்லெட்டுக்கு. விருந்தாளி வந்துட்டாங்க புதுசு தான் இருக்குன்னா தண்ணி நல்லா கொதிச்சப்புறம் முட்டைய மெதுவா கரண்டியில இறக்குங்க, பத்து நிமிசம், உடனே பானைத் தண்ணியில போட்டு ஆறினதும் அகலமான பக்கத்துல இருந்து உரிங்க. இட்லி பானையில ஆவியில வேக வச்சாலும் நல்லா வரும். மஞ்சக்கருவ சுத்தி பச்சை வளையம் தெரிஞ்சா கெட்டுப்போச்சுன்னு கொட்டிடாதீங்க, கூட நேரம் வெந்ததால வெள்ளைக்கரு கந்தகமும் மஞ்சக்கரு இரும்பும் சேந்த நிறம் அது, சாப்பிடலாம்.

உடைச்சா ரத்தம் தெரியுது

ஒரே ஒரு செகப்புப் பொட்டுன்னா கோழி உடம்புல முட்டை உருவாகும்போது ஒரு சின்ன ரத்தக்குழாய் உடைஞ்சது, பொட்ட எடுத்துட்டு சமைக்கலாம். சிலந்தி வலை மாதிரி நரம்பு நரம்பா ஓடினா அது வேற, கரு வளர ஆரம்பிச்சிடுச்சு. சேவல் இருக்குற கூட்டத்து முட்டை அடைகாக்காமலே 21 டிகிரிக்கு மேல போனா உள்ள கொஞ்சம் கொஞ்சமா வளர ஆரம்பிக்கும், எங்க அடுப்படி அலமாரி மே மாசத்துல ராத்திரியிலயே 30 இருக்கும். அதனால கோடையில காலைல ஒரு தரம் மத்தியானம் ஒரு தரம் முட்டை எடுத்து உடனே பிரிட்ஜ்ல வைங்க. எந்த முட்டையா இருந்தாலும் தனிக் கிண்ணத்துல உடைச்சுப் பாத்துட்டு அப்புறம் மாவுல ஊத்துங்க.

எச்சம் ஒட்டின முட்டைய எடுத்ததும் பச்சத் தண்ணியில கழுவி அடுக்காதீங்க. ஓட்டு மேல ஒரு மெல்லிய பூச்சு இருக்கு, அது போயிடும், அதோட சூடா இருக்குற முட்டை குளிர்ந்த தண்ணி பட்டதும் உள்ள சுருங்கி அழுக்கையும் கிருமியையும் இழுத்துக்கும். காஞ்ச துணியில தொடச்சு வச்சு சமைக்கும்போது கழுவுங்க.

ஆம்லெட்ல மீன் வாடை, இல்ல மஞ்சக்கரு வெளுத்து இருக்கு

கருவாட்டுத் தலை, மீன் கழிவு அதிகமா போட்டா வாடை வரும், நிறுத்தினா போயிடும். வெளுப்புக்கு முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, மக்காச்சோளம், அசோலா எது கிடைச்சாலும் போடுங்க, ரெண்டு வாரத்துல நிறம் திரும்பும்.

முட்டை எண்ணிக்கை குறைஞ்சுட்டே வருது

உங்க வீட்டுல எந்த மாசம்னு பாருங்க. கார்த்திகை மார்கழியில நம்ம பக்கம் பகல் 11 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல தான், கோழி நல்லா முட்டை வைக்க 14 மணி நேரம் வெளிச்சம் வேணும், அதோட இறகு உதிர்க்கிற காலமும் சேந்துடும். விடியறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு மணி நேரம் ஒரு சின்ன எல்இடி பல்பு போட்டா போதும். ஆனா நாட்டுக்கோழிய வருசம் பூரா வேலை வாங்கணுமான்னு யோசிச்சு நான் போடுறதில்ல, மார்கழியில அதுங்களும் ஓய்வெடுக்கட்டும்.

மார்கழி இல்லன்னா, கொக்கரிக்கிற சத்தம் எந்தாண்ட இருந்து வருதுன்னு கேளுங்க. கோழி கூட்டுல போடாம விறகு அடுக்குல, வைக்கோல் போர்ல ஒளிச்சு வச்சு போட ஆரம்பிச்சிருக்கும், கூட்டுல செள்ளு, அதாவது கோழிப்பேன் புடிச்சிருந்தா கண்டிப்பா அப்படித்தான் பண்ணும். ராத்திரி டார்ச் எடுத்துனு போயி றெக்கைக்கு அடியிலயும் எச்சம் போடுற எடத்தச் சுத்தியும் இறகப் பிரிச்சுப் பாருங்க, ஓடுறது தெரியும். பழைய வைக்கோல எரிச்சுட்டு கூட்டுச் சந்துல சாம்பல் தூவி, கொட்டாய் ஓரத்துல மணலும் சாம்பலும் கலந்து ஒரு குழி விடுங்க, கோழி தானே மண்ணுக் குளியல் குளிச்சுக்கும். ஒளிச்சு வச்ச முட்டை கெடைச்சா தண்ணியில போடுங்க, படுத்தா புதுசு, நிமிந்து நின்னா பழசு, சீக்கிரம் சமைச்சிடணும், மெதந்தா தூரப் போடணும்.

ஓடு உடைஞ்சு கெடந்தா கீரிப்பிள்ளை இல்ல காக்கா, ஓடே இல்லாம காணாமப் போனா பாம்பு முழுங்கி இருக்கலாம், கையவிட்டுத் தேடாம குச்சியால கிளறிப் பாருங்க.

தீவனத்தக் கிளறிட்டு திங்காம விட்டுடுது

புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் மூக்குகிட்ட வச்சுப் பாருங்க. மக்கின வாடை, பச்சையா கருப்பா பூஞ்சை தெரிஞ்சா மொத்தத்தையும் தூக்கிப் போடுங்க, மாட்டுக்கும் வைக்காதீங்க. வேர்க்கடலை, ஆரணி பக்கம் மல்லாட்டைன்னு சொல்றது, அதுல வர்ற பூஞ்சை அஃப்ளாடாக்சின் விஷத்த உண்டாக்கும், கல்லீரலக் கெடுக்கும். 1960-ல இங்கிலாந்துல லட்சத்துக்கு மேல வான்கோழிக் குஞ்சுங்க காரணம் தெரியாம செத்துச்சு, கடைசியில பாத்தா பிரேசில்ல இருந்து வந்த கடலைப் புண்ணாக்கு, இந்த விஷத்தக் கண்டுபுடிச்சதே அப்போ தான். வேக வச்சாலோ வறுத்தாலோ அது முழுசா போவாது. நமக்கு எண்ணெய் ஆட்ட வச்சிருக்குற கடலையிலயும் சுருங்கினது கருத்தது பொறுக்கிடுங்க.

சமைக்கும்போது கொட்டாய் நாத்தம் வருது, ஈ மொய்க்குது

கண்ணு எரியிற மாதிரி நாத்தம் அம்மோனியா. நின்ன மேனிக்கு மோந்து பாத்தா தெரியாது, கொட்டாய்க்குள்ள கோழி தலை ஒசரத்துக்கு குந்திப் பாருங்க, கோழி நாள் பூரா சுவாசிக்கிறது அந்தக் காத்து தான். காரணம் ஈரம். தரையில போட்ட உமியையோ கடலைத்தோலையோ ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் புடிச்சு விடுங்க, உருண்டையா நின்னா ஈரம் அதிகம், புடிச்சு விட்டதும் மெதுவா உதிர்ந்தா சரி. தண்ணிச் சட்டிய செங்கல் மேல தூக்கி வைங்க, சிந்துன எடத்த மட்டும் அள்ளிட்டு புதுசு போடுங்க, வாரம் ரெண்டு தரம் கெளறி விடுங்க. சுண்ணாம்பு தூவினா நாத்தம் போவும்னு ஈரத் தரையில போட்டேன், அன்னைக்கு இன்னும் அதிகமா வந்துச்சு, காரம் சேந்தா அம்மோனியா கெளம்பத்தான் செய்யும். மொதல்ல காய வைங்க.

அள்ளின எருவ நேரா செடிக்குப் போட்டா வேர் கருகிடும். சாணி, எலை தழையோட சேத்து குமிச்சு ஈரம் காயாம மூணு மாசம் மக்க வச்சு போடுங்க. நாங்க வச்சிருக்குறது இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா, 2023-ல புவிசார் குறியீடு கெடைச்சது, மக்கின கோழி எருவுக்கு அது காய்க்கிற காய்ப்பே தனி.

கோழிக் கறி ரப்பர் மாதிரி இருக்கு

அறுத்த ஒரு மணி நேரத்துல அடுப்புல வச்சிருப்பீங்க. உசிரு போனதும் தசை வெறைக்கும், அது தளர கொஞ்ச நேரம் ஆவும், அறுத்து மஞ்சள் தடவி பிரிட்ஜ்ல ராத்திரி வச்சு மறுநாள் செய்யுங்க, வித்தியாசம் தெரியும். ரெண்டு மூணு வயசுக் கோழின்னா அதிகத் தீயில வேகாது, குக்கர்ல சின்னத் தீயில 30 நிமிசம் விடுங்க, இல்ல ரெண்டு துண்டு பப்பாளிக்காய் அரைச்சுத் தடவி அரை மணி ஊற வைங்க. இறகு எடுக்கும்போது தோல் கிழிஞ்சா தண்ணி ரொம்ப கொதிச்சிருக்கு, கை வைக்க முடியாத சூடு போதும், 60 டிகிரி சுத்தி. அந்தக் குழம்புக்கு சூடா கேவுரு களி தான் ஜோடி.

பாத்திரத்துல முட்டைக் கவுச்சி

சுடுதண்ணி ஊத்தாதீங்க, முட்டை வெந்து ஒட்டிக்கும். பச்சத் தண்ணியில அலசிட்டு கடலை மாவும் எலுமிச்சைத் தோலும் வச்சுத் தேய்ங்க.

வெள்ளையும் பச்சையுமா கழியுது, கழுத்து திருகிக்குது

இதுக்கு வீட்டு வைத்தியம் பாத்துனு இருக்காதீங்க. இது வெள்ளைக்கழிச்சலா இருக்கலாம், ராணிக்கெட்னு சொல்றது, வைரஸ், வந்தப்புறம் மருந்து கெடையாது, ரெண்டு மூணு நாள்ல கொட்டாயே காலி ஆயிடும். கால்நடை மருந்தகத்துக்கு உடனே சொல்லுங்க, மந்தமா இருக்குற கோழியப் பிரிச்சு வைங்க, சாகப் போவுதேன்னு அறுத்து சமைக்காதீங்க, பக்கத்து வீட்டுக்கோ பொய்கை சந்தைக்கோ விக்கவும் கூடாது, செத்தத ஆழமா குழி வெட்டி சுண்ணாம்பு போட்டுப் பொதைங்க. கொட்டாய்க்குப் போட்ட செருப்போட அடுப்படிக்கும் வேற வீட்டுக்கும் போவாதீங்க.

வராம தடுக்குறது தான் வழி. குஞ்சு பொரிச்ச ஏழு நாளுக்குள்ள கண்ணுல இல்ல மூக்குல ஒரு சொட்டு லசோட்டாங்குற வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து, எட்டாவது வாரம் றெக்கை அடியில ஊசி. தடுப்பு மருந்து சூடு பட்டா வீண், ஐஸ் போட்டு எடுத்துனு வந்து வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போட்டு முடிக்கணும். குஞ்சு பொரிக்கிற அன்னைக்கே அடுப்படி காலண்டர்ல ஏழாவது நாளையும் எட்டாவது வாரத்தையும் நான் செகப்புப் பேனாவுல சுழிச்சு வச்சிடுறேன்.